மாத்தத் தெரியாதவருக்குத்தான் டீஃபோல்ட்

"பிடிக்கேல்லையெண்டா மாத்துங்கோவன்." லினக்ஸ் டெஸ்க்டொப் ஒன்றின் டீஃபோல்ட் தெரிவைக் கேள்வி கேட்டால் உடனே வருகிற பதில் இது. கேட்க ஜனநாயகமாத்தான் இருக்கு. ஆனால் மாத்தத் தெரிஞ்சவருக்கு டீஃபோல்ட் ஒரு பிரச்சினையே இல்லை. ஜன்னல்களை வைக்கிறது, நகர்த்துறது, அவற்றின் தலைப்புப் பட்டையை வரையுறது எல்லாம் விண்டோ மனேஜர் என்ற தனி மென்பொருளின் வேலை. அப்படியொன்று இருப்பதே தெரியாமல் கணினியைப் பாவிக்கிறவருக்கு, வேறு யாரோ எடுத்த முடிவுதான் கடைசி முடிவு.

ராஸ்பெரி பை கதையைப் பாருங்கோ. பிள்ளைகள் புரோகிராமிங் பழகவெண்டு 2012இல் பிரித்தானியாவில் இருந்து வந்த மலிவுக் கணினி அது. அதன் டெஸ்க்டொப்பில் நெடுங்காலம் ஓடியது ஓப்பன்பொக்ஸ். அலங்காரம் இல்லை, பாரமும் இல்லை.

2021 நவம்பரில் டீஃபோல்ட் இரண்டாகப் பிரிந்தது. 2 ஜிபியோ அதற்கு மேலோ றாம் இருந்தால் நிழலும் அனிமேஷனும் கொண்ட மட்டர்; குறைவெண்டால் பழைய ஓப்பன்பொக்ஸ். 2023இல் வேலண்டுக்கு மாறியபோது வேஃபயர் கிடைத்தது பை 4க்கும் 5க்கும் மட்டும். மற்றவை பழைய எக்ஸ்11இலேயே நின்றன.

மாற்றமே வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்லை. எக்ஸ்11 வயதாகிப் போன கட்டமைப்பு. ஓப்பன்பொக்ஸின் கடைசி வெளியீடு 2015இல். மாறத்தான் வேணும். ஆனால் வசதியான மெஷினை முன்னால் வைத்துத் தெரிவு செய்துவிட்டு, 512 எம்பி றாமோடு இருக்கிற பை ஸீரோவைப் பிறகு பார்ப்பம் எண்டு விடுகிறதைத்தான் எதிர்க்கிறோம். ஒரே இயங்குதளத்துக்கு இரண்டு டீஃபோல்ட் எண்டால் வழிகாட்டியில் உள்ள படம் ஒருவரின் திரையோடு பொருந்தும், மற்றவரின் திரையோடு பொருந்தாது. வகுப்பில் கற்பிக்கிறவர் ரெண்டு தரம் விளக்க வேணும்.

வேற வழி இருக்கேல்லையோ? இருந்தது. 2024 அக்டோபரில் வேஃபயரைக் கைவிட்டு, எல்லா மொடல்களுக்கும் லாப்டபிள்யூசியை டீஃபோல்ட் ஆக்கினார்கள். வேஃபயர் வளர்ந்துகொண்டிருந்த திசை பையின் கிராஃபிக்ஸ் வன்பொருளுக்கு ஒத்துவராது என்பது ஒரு காரணம். லாப்டபிள்யூசி வேலண்டில் ஓடுது, ஆனால் ஓப்பன்பொக்ஸின் வழியில் கட்டப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பின் வடிவமும் தீம்களும்கூட அங்கிருந்து வந்தவைதான். புதுசும் எளிமையும் ஒன்றாக இருக்கலாம் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

"பழைய மெஷினுக்காகப் புது மெஷின்காரர் ஏன் விட்டுக்கொடுக்க வேணும்?" எண்டு கேட்பினம். அவை ஒண்டையும் விட்டுக்கொடுக்கேல்லை. அனிமேஷன் வேணுமெண்டால் நிறுவத் தெரிஞ்ச ஆக்கள் அவை; பாரமானதை இறக்கி இலகுவானதைப் போட, திரை திக்கித் திக்கி ஓடுகிறவருக்குத்தான் வழி தெரியாது. "மாத்துங்கோவன்" என்ற பதிலை வசதி உள்ளவரிட்டைச் சொல்லுங்கோ.

ஆகவே டெஸ்க்டொப் செய்கிற எல்லாரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். டீஃபோல்டை அறிவிக்க முதல், ஆதரிக்கிறம் எண்டு நீங்கள் சொல்லுகிற ஆகச் சின்ன மெஷினில் ஒரு கிழமை அதை வைத்து வேலை செய்து பாருங்கோ. உங்களால ஏலாததை இன்னொருத்தருக்கு டீஃபோல்ட் ஆக்காதேங்கோ.