மணியை நிறுத்தலாம், தீ நிற்காது



கட்டடத்தில் தீ அறிவிப்பு மணி ஒலித்ததும் ‘தீ எங்கே?’ என்னும் கேள்விதான் நம் மனத்தில் முதலில் எழ வேண்டும். ஆனால் பல இடங்களில் முதலில் எழுவது, ‘இதை யாரேனும் நிறுத்த மாட்டார்களா?’ என்னும் சலிப்பே. அந்தச் சலிப்பின் விலை என்ன?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதியில் 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் அதிகாலையில் தீப்பற்றியது. மணி ஒலிக்கத்தான் செய்தது. ஆயினும் அதற்கு முந்தைய மாதங்களில் காரணமின்றிப் பலமுறை அலறிய மணி அது. ‘இதுவும் பொய்யாகவே இருக்கும்’ என்று எண்ணிப் பலர் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். 50க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இந்த அமைப்பு எவ்வாறு இயங்குகிறது? கூரையிலுள்ள கருவி புகையை உணர்ந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. பெட்டி மணியை ஒலிக்கச் செய்கிறது; உடன் விளக்குகளையும் பளிச்சிடச் செய்கிறது. விளக்கு எதற்கு? காது கேளாதவர்களுக்காகவும், இயந்திர இரைச்சலுக்கிடையே பணிபுரிவோருக்காகவும்.

பெட்டியில் மணியை அடக்கும் பொத்தான் வேறு. அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான் வேறு. முன்னதை அழுத்தினால் ஓசை அடங்கும். ஆனால் எப்பகுதியில் புகை எழுந்தது என்று காட்டும் அடையாள விளக்கு பெட்டியில் எரிந்துகொண்டே இருக்கும். பிறிதொரு பகுதியிலும் புகை எழுந்தால் மணி மீண்டும் ஒலிக்க வேண்டும். அவ்விடத்தை நேரில் கண்டு, ஆபத்தில்லை என உறுதி செய்த பின்னரே இரண்டாவது பொத்தானைத் தொட வேண்டும்.

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 72ஆம் எண் விதித்தொகுப்பு இதில் நுட்பமான நெறியொன்றை வகுத்துள்ளது. அடக்கும் வசதி, பூட்டிய பெட்டிக்குள்ளோ சாவியாலோ பாதுகாக்கப்பட வேண்டும். அடக்கும்போது ஓசையும் ஒளியும் ஒருசேர நிற்க வேண்டும். ஓசை நின்று விளக்கு மட்டும் பளிச்சிட்டால், கேட்கும் திறனுள்ளவர் ஆபத்து நீங்கியதென்று திரும்பி வருவார். காது கேளாதவரோ இன்னும் ஆபத்தென்று வெளியேறுவார். ஒரே கட்டடத்தில் இருவருக்கு இருவேறு செய்தி கூடாதல்லவா?

பொய் மணிக்குத் தூசியோ, பூச்சியோ, நீராவியோ, சமையல் புகையோ, சாம்பிராணிப் புகையோ காரணமாகலாம். காரணத்தைக் கண்டு களைவதே பரிகாரம். கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடுவதும், கம்பியைக் கழற்றி விடுவதும் காவற்காரனின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுக்குமாடியில் வாழ்வோரும், விடுதிகளில் பிள்ளைகளைத் தங்க வைத்துள்ள பெற்றோரும் இரண்டு கேள்விகளைக் கேட்டு வையுங்கள்: மணியை அடக்கும் சாவி யாரிடம் உள்ளது? அடக்குவதற்கு முன் அவர் நேரில் சென்று பார்க்கிறாரா?

பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: நூறு முறை பொய்யாக ஒலித்திருந்தாலும், நூற்றோராவது முறையும் எழுந்து வெளியேறுங்கள். வீணாவது சில நிமிட உறக்கம், காக்கப்படுவது உயிர்.