மாமனார் வைத்துவிட்டுப் போன ஹெரால்டு

"எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்திலும் 'காயில்ஓவர்' போட்டு, வண்டியைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் ரதம் மாதிரி ஓடும் என்கிறார்கள் ஒர்க்ஷாப்பில். போடலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்கிறார். மாமனார் ஆசையாக வைத்திருந்த காராம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'தொம்' என்று இடிக்கிறது, பின் ஸீட்டிலிருந்து மாமியார் "ஐயோ, என் இடுப்பு!" என்கிறார்.

முன்பக்கம் போடலாம், அம்மா. பின்பக்கம் வேண்டாம். தாழ்த்தவும் வேண்டாம்.

இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியார் 1959-ல் வெளியிட்ட இந்தக் காருக்கு உருவம் கொடுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையிலேயே தயாரானது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை! பானெட்டை அப்படியே முன்னால் சாய்த்துவிட்டால் டயர் மேலே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

அப்படிச் சாய்த்து ஒரு தடவை பாருங்கள். சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவில் ஷாக் அப்ஸார்பர் நிற்கிறதல்லவா? அதுதான் காயில்ஓவர். முன்பக்கத்தில் பிறவியிலேயே இருப்பதைத்தான் புதிதாக விற்க வருகிறார்கள். புதியதில் கூடுதலாக இருப்பவை இரண்டு: உயரத்தைக் கூட்டிக் குறைக்க மரையுள்ள வளையம் ஒன்று, ஷாக் அப்ஸார்பரை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு. வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரந்தான் மாறுமே தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஆகவே வாங்கும்போதே பழைய ஸ்பிரிங்குக்கு நெருங்கிய விறைப்புள்ளதைக் கேளுங்கள். பந்தயக்காரர்களுக்கென்று செய்த முரட்டு ஸ்பிரிங்கை மாட்டினால் மாமியாரின் இடுப்புக்கு அப்புறம் நான் பொறுப்பல்ல. உயரத்தையும் பழைய அளவிலேயே வையுங்கள். நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஓர் அங்குலம் இறங்கினாலும் சைலன்ஸர் தப்பாது.

பின்பக்கத்தின் கதை வேறு. அங்கே குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு. அச்சுக்கோல்கள் நடுவிலே மட்டும் கீல் வைத்தாற்போல் மேலும் கீழும் ஆடும். வேகமாக வளையும்போது வண்டியின் பின்பாகம் உயர்ந்தால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். படியில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகுவது போல. பின்பக்கத்தை உயர்த்த உயர்த்த இந்த ஆபத்து கூடும். இங்கே காயில்ஓவர் போட்டால் இன்னொரு சங்கடம்: ஷாக் அப்ஸார்பரை மட்டும் பிடிக்கச் செய்த சிறு தாங்கி வண்டியின் பாரத்தையே சுமக்க வேண்டிவரும். அதற்காக அடிச்சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி ஐம்பது வயது கடந்த கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நல்ல வண்டியைக் கெடுத்து அந்த மரியாதையையும் இழப்பானேன்? பட்டைகள் தொய்ந்திருந்தால் அதே அளவில் புதுக் கட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடிமுனை, மரை போட்ட ஓர் உலோகத் துண்டுக்குள் திரும்புகிறது. டிரன்னியன் என்று பெயர். இதற்குக் கியர் ஆயில்தான் போடவேண்டும். பலர் வழக்கப்படி கிரீஸை அடித்துவிடுகிறார்கள். அது மரையின் அடிவரை போகாது. தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து, ஒரு நாள் தூண் ஒடிந்து சக்கரம் மடங்கி விழும். வீட்டு வாசலில் திரும்பும்போது விழுந்தால் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகும்போது விழுந்தால்? கையில் பணம் குறைவாக இருந்தால் காயில்ஓவரை ஒத்திப் போடுங்கள். இதை ஒத்திப் போடாதீர்கள்.

மாட்டுவது பெரிய வித்தையல்ல. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒன்றாகவே வந்துவிடும். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், ஸ்டாண்டு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டுமென்றால் அதற்குரிய அமுக்குக் கருவி அவசியம். கம்பியால் கட்டிவிட்டு உச்சி நட்டைக் கழற்றுகிற மேஸ்திரியை உடனே தடுத்துவிடுங்கள். அடங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். பிரிக்காமல் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவது எல்லாவற்றிலும் உத்தமம்.

கீழ்ப் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்கவேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், பிழிந்த துணியை உதறாமல் காயப் போட்டது போல உள்ளேயுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். பிறகு வீல் அலைன்மெண்ட். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.