எம்ஆர்என்ஏ குறையாமலே மறையும் புரதங்கள்

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபணுத்தொகை சுமார் 3,200 கார இணைகள் மட்டுமே. கல்லீரல் செல்லின் உட்கருவில் அது மூடிய வளைய டிஎன்ஏவாகக் குடியேறுகிறது. அந்த வளையத்தைச் செயல்படவிடாமல் அடக்குவது, செல்லிலேயே உள்ள எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டமைப்பு. வைரஸின் எக்ஸ் புரதம் டிடிபி1 என்ற செல் புரதத்தைப் பற்றிக்கொண்டு, எஸ்எம்சி5/6 மீது யுபிக்விட்டின் முத்திரை விழச் செய்கிறது. செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. 2016இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, வளைய டிஎன்ஏ எப்படித் தடையின்றிப் படியெடுக்கப்படுகிறது என்பதை விளக்கியது. எஸ்எம்சி மரபணுக்களின் படியெடுப்பில் வைரஸ் கைவைப்பதில்லை. ஆகவே எம்ஆர்என்ஏவை மட்டும் அளக்கும் ஆய்வின் கண்ணிலிருந்து இந்த இழப்பு தப்பிவிடும்.

ஹெபடைட்டிஸ் சி வேறு வழியில் செல்கிறது. அதன் என்எஸ்3/4ஏ நொதி, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பதிந்துள்ள மேவ்ஸ் புரதத்தை 508ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனில் வெட்டுகிறது. சவ்விலிருந்து கழன்றதும் இன்டர்ஃபெரானைத் தூண்டும் சமிக்ஞை அறுந்துபோகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் முழுப் புரதத்தின் பட்டைக்குச் சற்றுக் கீழே இன்னொரு பட்டை தெரியும். வெட்டுப்பட்டதற்கு அதுவே சாட்சி. மொத்த அளவை மட்டும் தரும் நிறை நிறமாலை அட்டவணையில் மேவ்ஸ் குறையாததுபோலவே தோன்றக்கூடும். புரதத்தின் அளவோடு அதன் வடிவமும் இருப்பிடமும் சேர்த்துப் பதிவு செய்யப்பட வேண்டும்.

எந்தச் செல்லில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பி வைரஸ் செல்லுக்குள் நுழையத் தேவையான என்டிசிபி என்ற வாயிற்புரதம் 2012இல் அடையாளம் காணப்பட்டது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹெப்ஜி2 செல்களில் அது ஏறக்குறைய இல்லை, மரபணுவைப் புகுத்தியே தொற்று ஏற்படுத்த வேண்டியுள்ளது. சி வைரஸ் செழித்து வளரும் எச்யூஎச்7.5 செல்களிலோ, மேவ்ஸுக்குச் செய்தி அனுப்பும் ரிக்-ஐ புரதமே பழுதானது. இரண்டும் புற்றுச் செல்வழிகள். அவற்றின் புரதச் சமநிலை தொற்றுக்கு முன்பே குலைந்தது. அங்கே கிடைத்த பட்டியலை நோயாளியின் கல்லீரலுக்கு அப்படியே பொருத்துவது பிழை. மனிதக் கல்லீரலிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த செல்களில் முடிவுகளைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

பி வைரஸ் எஸ்எம்சி5/6 புரதத்தை அழிப்பதற்குச் சிகிச்சையிலும் விளைவு உண்டு. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் வைரஸின் தலைகீழ்ப் படியெடுப்பைத் தடுக்கின்றன. உட்கருவின் வளைய டிஎன்ஏவைத் தொடுவதில்லை. இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ தென்படாத நிலையிலும் அந்த வளையத்திலிருந்து எக்ஸ் புரதம் உருவாகலாம். எக்ஸ், டிடிபி1 இணைப்பை முறிக்கும் மருந்து கிடைத்தால், செல் தன் தடுப்புப் புரதத்தை மீட்டுக்கொள்ள வழியுண்டு.