மலை மேலே ஒரு தபால் பெட்டி, கீழே இன்னொன்று!

பெரும்பாறையில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது மின்சாரம். அடுத்தது செல்போன். மரம் விழுந்து ரோட்டை மறித்தால் பஸ்சும் நின்றுவிடும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யம் அருகே கரை ஏறிய "கஜா" புயல், திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளும் புகுந்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன.

நவம்பர் என்ன மாதம்? காப்பிப் பழம் எடுக்கும் மாதம்! சரக்கு எவ்வளவு, விலை என்ன என்று வியாபாரி கேட்டு எழுதுகிற சமயம்.

முன்பெல்லாம் அந்தக் கடிதம் தபால்காரர் பையில் வந்தது. ரோடு அடைபட்டால், கீழே உள்ள தபால் ஆபீசில் பத்திரமாகக் கிடக்கும். ரோடு திறந்ததும் மேலே வரும். இப்போது கடிதம் இ-மெயிலில் வருகிறது. மின்சாரம் இல்லாத நாளில் அது எங்கே கிடக்கும்?

சர்வர் என்பவர் யார்?

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவருகிறவர் நினைவுக்கு வரலாம். இதுவும் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான். ஆனால் ஆள் அல்ல, கம்ப்யூட்டர். உங்களுக்கு வரும் கடிதத்தை வாங்கி வைத்து, நீங்கள் கேட்கும்போது கொடுக்கும்.

தோட்டத்தின் பெயரிலேயே இ-மெயில் முகவரி வைத்துக்கொள்ளலாம். இந்தச் சொந்தப் பெயருக்கு "டொமைன்" என்று பெயர். "இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை எந்த சர்வரில் கொடுப்பது?" என்பதற்கு ஒரு பதிவேடு உண்டு. அந்தக் குறிப்பை "எம்.எக்ஸ்." என்பார்கள். அதில் ஒவ்வொரு சர்வருக்கும் எதிரே ஒரு எண் இருக்கும். சிறிய எண் உள்ள வாசலை முதலில் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் அடுத்த எண். முதல் வாசல் 10, இரண்டாவது வாசல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20-தான் மாற்று சர்வர்.

"இரண்டாவது வாசலே வேண்டாம். கதவு திறக்காவிட்டால், அனுப்பியவரின் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது 2008-ல் வகுத்த உலகப் பொது விதி. ஆனால் சில சர்வர்கள் அதற்கு முன்பே அலுத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பி விடும். நம் கடிதத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். சொந்த மாற்று சர்வர் இருந்தால், 15 நாள் வைத்திரு என்று நாமே சொல்லலாம். மலைக்கு அது பெரிய உதவி.

ஒரே கூரையின் கீழ் இரண்டா?

மாற்று சர்வரை எங்கே வைப்பது? பலரும் முதல் சர்வரின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும்! பெரும்பாறையில் ஒன்று இருந்தால் இன்னொன்று மதுரையிலோ சென்னையிலோ இருக்க வேண்டும். வேறு மின்சாரம், வேறு இன்டர்நெட் கம்பெனி.

பெரிய கம்பெனிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2022 அக்டோபர் 15-ந் தேதி தென்கொரியாவில் ஒரு சர்வர் கட்டிடத்தில் தீப்பிடித்தது. "ககாவோ" கம்பெனியின் "டாவும்" இ-மெயில் மீண்டும் வேலை செய்ய நாலு நாள் ஆயிற்று. அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரி ஒருவர் பதவி விலகினார்.

திருடனுக்குப் பிடித்த வாசல்

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பின் வாசலில் காவல் இராது என்று திருடனுக்குத் தெரியும். குப்பைக் கடிதம் அனுப்புகிறவனும் அப்படித்தான். முதல் வாசல் திறந்திருந்தாலும், வேண்டுமென்றே இரண்டாவது வாசலுக்குப் போகிறான்.

மாற்று சர்வருக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கி வைக்கும். பிறகு முதல் சர்வரிடம் கொண்டுபோகும். "இப்படி ஒருவர் இங்கே இல்லையே!" என்று அது தள்ளிவிடும். உடனே மாற்று சர்வர், அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். அனுப்பியவன் போட்டதோ பொய் முகவரி! ஏதுமறியாத ஒருவர் பெட்டியில் குப்பை விழும். குப்பை அனுப்புவது உங்கள் டொமைன்தான் என்று ஊர் பேசும். அப்புறம் நீங்கள் விலை எழுதி அனுப்பும் நல்ல கடிதமும் வியாபாரியின் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும்.

ஆகவே மாற்று சர்வருக்கும் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். முதல் சர்வரில் உள்ள அதே வடிகட்டியும் போட வேண்டும். புது ஆள் சேர்ந்தால் இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? மாற்று சர்வர் வைக்காமல் இருப்பதே மேல்.

பதில் சொல்லும் முறையும் முக்கியம். "பிறகு வா" என்பது வேறு. "அப்படி ஒருவர் இல்லை" என்பது வேறு. 2020 டிசம்பர் 15-ந் தேதி "ஜிமெயில்" சர்வர்களே குழம்பி, இருக்கிறவர்களை இல்லை என்று சொல்லிக் கடிதங்களைத் திருப்பின. இல்லை என்று சொன்ன வீட்டை யார் மறுபடி தட்டுவார்கள்?

சிறு தோட்டக்காரருக்கு

பத்து ஏக்கர் காப்பி வைத்திருப்பவருக்குச் சொந்த சர்வர் எதற்கு? வாடகைக்கு எடுத்தால் போதும் என்பது என் கருத்து. நம் தமிழ்நாட்டு "ஜோகோ" கம்பெனி தரும் பட்டியலிலேயே 10, 20, 50 என்று மூன்று வாசல்கள் உண்டு. அதன் பின்னால் உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை நாலாவது வாசலாக வைக்காதீர்கள். திருடனுக்கு வழி காட்டியதாகும்.

கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், பெரிய எஸ்டேட் ஆகியவை சொந்தமாக வைத்தால், மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். முதல் சர்வரை நிறுத்துங்கள். வெளி ஆள் ஒருவரை இரண்டு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்: ஒன்று உண்மைப் பெயருக்கு, ஒன்று இல்லாத பெயருக்கு. முதல் கடிதத்தைக் கீழே உள்ள சர்வர் வாங்கி வைக்க வேண்டும். இரண்டாவதை வாசலிலேயே மறுக்க வேண்டும். மாலையில் முதல் சர்வரைப் போட்டதும், காத்திருந்த கடிதம் மேலே வந்து சேருகிறதா என்று பாருங்கள்.