வட்டத்தின் பரப்பும் வாய்மையும்

தமிழாசிரியன் ஒருவன் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், சொல்லின் பொருள் வழுவாது காத்தல் தமிழாசிரியன் கடன். எண்ணும் ஒரு சொல்லே. தான் அறிந்ததற்கு மேற்பட அது கூறுமாயின் அதுவும் வழுவேயாகும். வட்டத்தின் பரப்பைக் கண்டு, விடையைத் தசமதானங்களுக்கு மட்டந்தட்டும் பயிற்சியில் இவ்வழு நம் வகுப்பறைகளில் அடிக்கடி நிகழ்கின்றது. அதனைக் களைதல் ஆசிரியராகிய நம் பொறுப்பு என்பதே யான் ஈண்டுக் கூற விழைவது.

விட்டம் 7 மீற்றர் உள்ள வட்டக் கிணறு ஒன்றின் வாய்ப்பரப்பு யாது எனக் கேட்போம். ஆரை 3.5 மீற்றர், அதன் வர்க்கம் 12.25. பையின் பெறுமானம் 22/7 எனக் கொள்ளும் மாணவன் 38.5 சதுர மீற்றர் என்பான். 3.14 எனக் கொள்பவன் 38.465 என்பான். கணிகருவியை அழுத்துபவன் 38.4845 என்று தொடங்கும் நீண்ட எண்ணைக் காண்பான். இரண்டு தசமதானங்களுக்கு விடை தருமாறு பணித்தால் முறையே 38.50, 38.47, 38.48 என மூவரும் எழுதுவர். மூவர் செய்கையும் முறையானதே. ஆனால் விடைகள் ஒன்றல்ல. 22/7 எனக் கொள்ளுமாறு வினாத்தாள் கூறியிருப்பின் 38.50 என்பதற்கே முழுப் புள்ளி கிடைக்கும். ஈற்றில் நிற்கும் அந்தச் சுழியம் மெய்யன்று என்று அம்மாணவனுக்கு எவரும் சொல்வதில்லை.

இக்குறை விதியில் இல்லை. விட்டத்தின் பாதியைச் சுற்றளவின் பாதியாற் பெருக்கப் பரப்பு வரும் என்று நம் பழைய கணக்கதிகாரம் கூறுகின்றது. ஆரையையும் பரிதியையும் செங்கோணப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணியின் பரப்பே வட்டத்தின் பரப்பு என ஆர்க்கிமிடீஸ் நிறுவியதும் இதுவே. வட்டத்தை மெல்லிய கூறுகளாக வெட்டித் தலையும் காலும் மாற்றி அடுக்கினால், ஆரையை உயரமாகவும் பரிதியின் பாதியை நீளமாகவும் கொண்ட செவ்வகத்தை அஃது அணுகுதலைச் சிறுவரும் காண்பர். இவ்விதி முற்றும் சரியானது. விட்டத்துக்கும் பரிதிக்கும் உள்ள விகிதத்தை எண்ணால் எழுதப் புகும்போதே அண்ணளவு நுழைகின்றது.

முன்னோர் இதனை மறைத்தாரல்லர். ஆர்க்கிமிடீஸ் அவ்விகிதம் 22/7 என்று கூறவில்லை. 22/7 இலும் குறைந்தது, 223/71 இலும் கூடியது என்றே கூறினார். 499 ஆம் ஆண்டில் ஆரியபடர், விட்டம் 20,000 ஆயின் பரிதி 62,832 எனத் தந்தபோது, அஃது அணுகிய அளவே எனத் தாமே குறித்தார். அவ்விகிதத்தை முழு எண்கள் இரண்டின் பின்னமாக எழுதவே இயலாது என்பதை 1761 இல் லாம்பேட் நிறுவினார். நாமோ முன்னோர் தந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அதனோடு அவர் தந்த எல்லையைக் கைவிட்டோம்.

அளத்தலிலும் இதே நிலைதான். கிணற்றின் விட்டம் பத்திலொரு மீற்றருக்குத் திருத்தமாக 7.0 என அளக்கப்பட்டதெனின், உண்மை விட்டம் 6.95 இற்கும் 7.05 இற்கும் இடையில் எங்கும் இருக்கலாம். பரப்போ ஏறத்தாழ 37.9 தொடக்கம் 39.0 வரை செல்லும். ஒரு சதுர மீற்றருக்கு மேல் ஐயம் இருக்க, நூறிலொரு பங்கைப் பற்றி வழக்காடுதல் தகுமோ? ‘அண்ணளவாக 38 சதுர மீற்றர்’ என்பதே அங்கு நேர்மையான விடை.

மட்டந்தட்டும் இடமும் கருதத்தக்கது. பரிதி சரியாக 10 மீற்றர் உள்ள தொட்டியின் ஆரை 1.59155 மீற்றர், பரப்பு 7.96 சதுர மீற்றர். இடையில் ஆரையை 1.6 என மட்டந்தட்டி வர்க்கித்தால் 8.04 வரும். வர்க்கிக்கும்போது வழு இருமடங்காகின்றது. அதே 1.6 ஐப் பரிதியின் பாதியாகிய 5 ஆற் பெருக்கினால் 8.00 வரும், வழு ஏறத்தாழப் பாதியே. பரிதி அளந்து அறியப்பட்டவிடத்துப் பழைய விதி இவ்வாறு நம்மைக் காக்கின்றது. மட்டந்தட்டியதை மீண்டும் மட்டந்தட்டலும் கேடே. 7.346 ஐ முதலில் 7.35 ஆக்கிப் பின் 7.4 ஆக்குவோர் உளர். நேரே ஒரு தசமதானத்துக்குத் தந்தால் அது 7.3 அன்றோ?

பரீட்சைக்கு ஒரே விடை வேண்டும், 22/7 சுருக்குதற்கு எளிது, இளஞ்சிறாரை எல்லை கூறிக் குழப்பலாகாது என்பர் சிலர். எளிமை வேண்டற்பாலதே, 22/7 ஐ விலக்குமாறு யான் கூறேன். ஆனால் அப்பின்னம் முதல் மூன்று இலக்கங்கள் வரையே உண்மைப் பெறுமானத்தோடு ஒக்கும். ஆதலின் அதனைத் தரும் வினா, மூன்று இலக்கங்களுக்கு மேல் விடை கேளாதிருக்கட்டும். கிணற்றுக்கு 38.5 என எழுதுவோன் பிழைபடான், 38.50 என எழுதுவித்தலே பிழை. இதிற் குழப்பம் யாதுமில்லை.

ஆதலின் ஆசிரியர்க்கு யான் வேண்டுவன மூன்று. மட்டந்தட்டலை ஈற்றில் ஒருமுறை மட்டும் செய்விக்க. விடையின் இலக்கங்கள் அளவையின் திருத்தத்தை மீறாதிருக்க என்று கற்பிக்க. ‘சமம்’ என்பதும் ‘அண்ணளவாகச் சமம்’ என்பதும் வேறு வேறு சொற்கள் என்பதை வற்புறுத்துக. மூன்றாவதைத் தமிழ் வகுப்பிலும் கற்பிக்கலாம். யான் கற்பித்தும் வருகின்றேன்.

கணிகருவி எல்லார் கைப்பேசியிலும் உள்ள இக்காலத்தில் இலக்கங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் எத்தனையை நம்பலாம் என்னும் அறிவே அருமையாயிற்று. நம் மாணவர் நாளை மருந்தின் அளவையும், பாலத்தின் தாங்குவலுவையும், பிறர் பணத்தின் கணக்கையும் எழுதப்போகின்றவர். தாம் அறிந்ததை அறிந்த அளவிற் கூறும் பழக்கம் அவர்க்கு வேண்டும். அப்பழக்கத்தை வட்டத்தின் பரப்பிலேயே தொடங்கிவைப்போமாக.