அனுமதியின்றிப் பரவும் பிடிஎஃப் பிரதிகள், நூல் விலை: எங்கள் நிலைப்பாடு

நம் எழுத்தாளர் அமைப்பின் சென்ற பொதுக்குழுவில் இது குறித்து நடந்த வாக்குவாதமும் அதன் பின்னணியும் உறுப்பினர்கள் அறிந்தவையே. விலையைக் குறைத்தால் திருட்டு நின்றுவிடும் என்று ஒரு சாராரும், உடனே வழக்குப் போட வேண்டும் என்று மறு சாராரும் வாதிட்டனர். இயன்றவரை இரு தரப்பையும் கருத்தில் கொண்டு செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

நூல்களைப் பகிர்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் பயன்பெறாதவர்கள் நம்மில் குறைவு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தம் நூலை இலவசமாகத் தரும் உறுப்பினர்களும் உண்டு. அவர்கள் விருப்பத்தை மதிக்கிறோம். வாங்கிய புத்தகத்தை நண்பருக்கு இரவல் தருவதையும் எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் விற்பனையில் உள்ள நூலை முழுதாக டெலிகிராம் குழுவில் ஏற்றுவது திருட்டு.

செயற்குழுவின் பார்வைக்கு வந்த பிரதி ஒன்றைச் சொல்கிறோம். பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்திருக்கிறார்கள். சில ஓரங்களில் பெருவிரல்கூடத் தெரிகிறது. ஆனால் பதிப்புரிமைப் பக்கத்தை மட்டும் கவனமாக நீக்கியிருக்கிறார்கள். நூலின் விலையும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் இருந்த பக்கம் அது. அதன் இடத்தில் டெலிகிராம் குழுவின் முத்திரை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குழுவில் சேர்வதற்கான இணைப்பு. எழுதியவரின் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியை ஒட்டுகிறவர், வாசிப்பை வளர்க்கிறேன் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம்!

விலை அதிகம் என்பவர்களுக்கு: 250 ரூபாய் நூலுக்குக் கடைக் கழிவு 40 விழுக்காடு போனால் மிஞ்சுவது 150. குறைந்த பிரதிகள் அச்சிடும்போது அச்சுக்கூலியே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மெய்ப்பு பார்த்தவருக்கும் அட்டை வடிவமைத்தவருக்கும் கைக்காசிலிருந்துதான் தருகிறோம். 2024 டிசம்பரில் பதிவு நூல் அஞ்சலும் நிறுத்தப்பட்டதால் நூலை அனுப்பும் செலவும் கூடிவிட்டது. விலைதான் காரணம் என்றால் 49 ரூபாய் மின்நூலையாவது விட்டுவைத்திருக்க வேண்டாமா? கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமானால், அந்த மின்நூலை வேறெங்கும் தரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். திருட்டுப் பிரதி வெளியில் உலவினால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் ஆசிரியர்தான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே மீறுவோருக்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பதிப்புரிமைப் பக்கத்தை நீக்கியவர் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. எனினும், உடனடி வழக்கைப் பெரும்பான்மையோர் விரும்பாததால், தற்போதைக்கு முதலில் குழு நிர்வாகிக்கு எழுத்துவடிவில் அறிவிப்பு, அடுத்துத் தளத்துக்குப் புகார், பலனில்லையெனில் சட்ட நடவடிக்கை என்று முடிவாகியுள்ளது. தனியாக வழக்குத் தொடரும் உறுப்பினருக்கும் துணைநிற்போம்.

குறைந்தபட்ச விலை குறித்து ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை; விலை வைப்பது அவரவர் உரிமை. புத்தகக் காட்சியில் 10 விழுக்காட்டுக்கு மேல் கழிவு தருவதைக் கூடுமானவரை தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இத்தகைய குழுக்களில் நம் உறுப்பினர்கள் சிலரும் இருப்பது தெரியவந்துள்ளது. சக எழுத்தாளரின் நூலை அங்கே இறக்கிக்கொண்டு, புத்தகக் காட்சியில் அவர் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொள்வது அசிங்கம். அடுத்த செயற்குழுவுக்குள் அவர்கள் அக்குழுக்களிலிருந்து வெளியேற வேண்டும். இந்தப் பத்தியை மென்மையாக்கக் கோரிய திருத்தத்தைச் செயற்குழு ஏற்கவில்லை.