ஞானப்பல்லும் மருந்துப் போத்தலும்

கடைவாயின் அந்தத்தில் முளைக்கும் பல்லுக்கு ஞானப்பல் என்று ஏன் பெயர் வந்தது என்பது, அதைப் பிடுங்குவித்துக்கொண்ட பின்னர்தான் விளங்கும் போலும். எமக்கு அந்த ஞானம் நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே கிட்டியது. கீழ்த்தாடையில் சரிந்து கிடந்த பல்லை, முரசைக் கீறி, எலும்பைச் சிறிது அராவி வெளியே எடுத்தார் பல் வைத்தியர். திரும்பி வரும் வழியில் ஒரு பாமசியில் கிருமிநாசினி வாய்கழுவி ஒரு போத்தல் வாங்கினோம். எவரும் எழுதித் தரவில்லை, நாமாகவே வாங்கினோம். வாயில் இரத்தச் சுவை ஊறிக்கொண்டிருந்ததால் அன்று மாலையே நான்கு தடவை பலமாகக் கொப்பளித்துத் துப்பினோம். மூன்றாம் நாள் இரவு, காதுவரை ஏறிய வலியோடு விடியும்வரை பாயில் குந்தியிருந்தோம்.

நடந்தது இதுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகின்றது. பார்ப்பதற்கு அருவருப்பான அந்தக் கட்டிதான், வெட்டுண்ட எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கின்றது. புதிய தசை வளர்வதும் அதன் மேல்தான். அது கரைந்தோ கழன்றோ போனால் எலும்பு வெறுமையாகிவிடும். உலர்குழி என்று இதைச் சொல்வார்கள். பல் பிடுங்கி இரண்டு, மூன்று நாட்களின் பின் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடும்; வாய் நாறும்; சாதாரண வலிமாத்திரைக்கு அது அடங்காது. மற்றப் பற்களில் நூற்றுக்கு ஒரு சிலருக்கே வருகின்ற இந்த உபாதை, கீழ் ஞானப்பல்லில் அதைவிடப் பல மடங்கு அதிகம். கொப்பளிப்பு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கடினமான சத்திரசிகிச்சை, புகைபிடித்தல், வாயில் ஏற்கெனவே இருந்த தொற்று என்பனவும் காரணமாகும். ஆயினும் முதல் நாளில் கட்டியை ஆட்டி அசைப்பது, இருக்கின்ற ஆபத்தை நாமே கூட்டிக்கொள்வதாகும்.

எமக்காவது படுத்திருக்க நேரம் இருந்தது. நாம் அறிந்த ஒரு வயல் கூலித்தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சதமும் செலவில்லாமல் பல்லை எடுத்துவிட்டு, நாளைக்கு உப்புத்தண்ணீரால் கொப்பளிக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. "பாதர், காசில்லாமல் செய்தபடியால்தான் வெறும் உப்புத்தண்ணி எண்டு சொல்லிப்போட்டினம். காசு குடுத்து வாங்கினால்தானே நல்ல மருந்து" என்றார். உழைத்த காசில் ஒரு போத்தல் வாங்கி அன்றிரவே தொடங்கிவிட்டார். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல வெற்றிலையும் போட்டார். அதன் பிறகு ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு கிழமைக் கூலி என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவரைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. படித்த நாமும் அதையே செய்தோம். ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை எம்மை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. உப்புத்தண்ணீர் ஏழைக்கு, போத்தல் மருந்து பணக்காரனுக்கு என்ற எண்ணம் எமது கிராமங்களில் வேரூன்றி விட்டது. அந்த எண்ணத்தை வளர்ப்பதில் நட்டம் எதுவும் அடையாதவை கடைகள் மாத்திரமே.

போத்தலில் இருப்பது பொய் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் வாய்கழுவியில் பெரும்பாலும் இருப்பது குளோர்ஹெக்சிடின். 1954இல் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்த கிருமிநாசினி இது. வாய்க்கு 0.12 அல்லது 0.2 வீதக் கரைசலாகத் தயாரிக்கப்படுகின்றது. பல்லிலும் முரசிலும் ஒட்டிக்கொண்டு பல மணித்தியாலங்கள் வேலை செய்வதே இதன் சிறப்பு. தையல் போட்டதால் தூரிகை பிடிக்க முடியாத இடத்தில் இது பெரிய உதவி. ஞானப்பல் எடுப்பதற்குச் சற்று முன்னரும், எடுத்து 24 மணித்தியாலம் கழித்தும் இதனால் கொப்பளித்தவர்களுக்கு உலர்குழி குறைவாகவே வந்தது என்று ஆய்வுகளை ஒப்புநோக்கியவர்கள் கூறுகின்றனர். 'முன்னர்', 'கழித்து' என்ற இரண்டு சொற்களையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எமது மக்கள் இந்த மருந்தைப் பாவிப்பதோ, இரண்டுக்கும் நடுவில் வரும் அந்த முதல் இரவில்தான்.

நாட்கணக்கில் பாவித்தால் இது பல்லையும் நாக்கையும் மண்ணிறமாக்கும், நாச்சுவையையும் மாற்றும். பற்பசையோடு உடனே கலந்தால் வலுவிழக்கும் என்பதால் இடையில் அரை மணித்தியாலமாவது விட வேண்டும். மிக அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். இது குறித்து 2012இல் ஐக்கிய இராச்சியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. கடைத்தட்டில் பக்கத்தில் நிற்கும் நீல, பச்சை நிறப் போத்தல்கள் பலவற்றில் இந்த மருந்தே கிடையாது. சிலவற்றில் மதுசாரமும் வாசனையும் உண்டு. புண்ணில் பட்டால் அது எரியும். எரிவதைக் கண்டு "மருந்து பிடிக்கிறது" என்று மகிழ்பவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம்!

உப்புத்தண்ணீரையும் சரியாகச் செய்ய வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இளஞ்சூடாக ஆறவிட்டு, ஒரு குவளைக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் போதும். பல் எடுத்த மறுநாளில் இருந்து, சாப்பிட்ட பின்னர், வாயில் ஏந்தித் தலையை மெதுவாகச் சரித்து, பிறகு தானாக வழியவிட வேண்டும். காறித் துப்பக்கூடாது. சாப்பாட்டுத் துகள்களை அகற்றிக் குழியைச் சுத்தமாக வைத்திருக்க, பெரும்பாலானோருக்கு இது போதும்.

குறை சொல்ல வேண்டியது வேறொரு இடத்தில். கன்னம் விறைத்து, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, எப்போது வீடு போவோம் என்று இருக்கும் ஒருவரிடம் நடந்துகொண்டே சொல்லப்படும் புத்திமதி எப்படி மனதில் நிற்கும்? சில இடங்களில் கையில் தரப்படும் துண்டு, நோயாளி வாசிக்கும் மொழியில் இருப்பதில்லை. ஒரு வாங்கில் நூறு பேர் காத்திருக்கையில் வைத்தியரும் என்னதான் செய்வார் என்பது எமக்கும் தெரியும். ஊசி போடுவதற்கு முன்னரே, கூட வந்தவரையும் பக்கத்தில் இருத்தி, ஒரு நிமிடம் சொல்லி, "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்கலாமே. வைத்தியர்தான் அதைச் செய்ய வேண்டும் என்றில்லை. வாய்கழுவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வசதியில்லாத இடங்களில், ஞானப்பல் எடுக்க வருபவருக்குக் கதிரையில் ஏறுமுன் 10 மில்லிலீற்றர் கொடுத்துக் கொப்பளிக்கச் செய்யலாம். 300 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று முப்பது பேருக்குப் போதும்.

வெற்றிலையைப் பற்றி வைத்தியர் கேட்க மறந்தாலும் வீட்டார் மறக்கக்கூடாது. பாக்குத் துகளும் சுண்ணாம்பும் புகையிலையும் ஆறாத குழிக்குள் போவதும், பத்து நிமிடத்துக்கொரு தடவை துப்புவதும் அந்தக் கட்டியைப் பிழைக்க விடுமா? இலங்கையில் ஆண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று கிழமைகளாகியும் ஆறாத வாய்ப்புண்ணை வாய்கழுவி வாங்கிக் கழுவிக்கொண்டிருப்பது ஆபத்து. அதை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அந்தக் கூலித்தொழிலாளிக்கு மறுபக்க ஞானப்பல்லும் சில மாதங்களில் வலி கொடுத்தது. இம்முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த அந்த அம்மா, முதல் வேலையாக வெற்றிலைத் தட்டத்தை எடுத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். ஒரு கிழமை அவர் அதைத் தேடித் திரிந்தாராம். ஆனால் நான்காம் நாளே வயலில் நின்றார்.